தனியார் மருத்துவமனைச் செலவுக் குறைப்பு: எந்த இடத்தில் வெட்டினால் நோயாளிக்கு அடி விழுகிறது?

பொருநை_எம்டி:

பில் தொகையைப் பற்றிய இழைகள் இங்கே நிறைய இருக்கின்றன. பில்லில் ஏறாத பக்கத்தைப் பேசத்தான் இதைத் தொடங்குகிறேன். வருமானத்தை ஏற்றினால் நோயாளிக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். செலவை இறக்கினால் தெரியாது. இரவில் ஒரு நர்ஸ் குறைந்திருக்கிறார், ஒரு பரிசோதனை பட்டை தீர்ந்துபோய் நான்கு நாள் ஆகிறது, டியூட்டி டாக்டர் இரண்டு மாடிக்கும் ஒருவரே என்பதெல்லாம் எந்த ரசீதிலும் வராது.

முதலில் நிர்வாகம் எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பெரிய மருத்துவமனைகளில் காலைக் கூட்டத்தில் ஓடும் எண்கள் பெரும்பாலும் மூன்று: எத்தனை படுக்கை நிறைந்திருக்கிறது, ஒரு படுக்கை ஒரு நாளைக்கு எவ்வளவு ஈட்டுகிறது, நோயாளி சராசரியாக எத்தனை நாள் இருக்கிறார். பங்குச் சந்தையில் உள்ள மருத்துவமனைக் குழுமங்கள் இதே எண்களைத்தான் காலாண்டுக்கு ஒருமுறை முதலீட்டாளர்களுக்கும் காட்டுகின்றன. படுக்கைப்புண் எத்தனை பேருக்கு வந்தது, அறுவைக்குப் போனவர் எத்தனை பேர் மறுபடி தியேட்டருக்குள் போனார்கள் என்பதற்கு அந்தப் பக்கத்தில் இடமில்லை.

டாக்டர் சம்பளமும் இதோடு கட்டப்பட்டிருக்கிறது. புதிதாகச் சேரும் கன்சல்டன்டுக்கு முதல் ஆறு மாதமோ ஒரு வருடமோ எம்ஜி, அதாவது குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை. உதாரணத்துக்கு மாதம் 3 லட்சம் என்று வையுங்கள். காலம் முடிந்ததும் அவர் கொண்டுவரும் கன்சல்டேஷன், அறுவைக் கட்டணத்தில் ஒரு பங்குதான் சம்பளம். ஒன்பதாவது மாதம் மார்க்கெட்டிங் ஆள் ஒரு தாளோடு வருவார். ஓபியில் பார்த்தவர்கள் இத்தனை, அட்மிஷன் ஆனவர்கள் இத்தனை, சதவீதம் இவ்வளவு, இதே துறையில் இன்னொருவருக்கு இவ்வளவு. தேவையில்லாத அறுவை செய் என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை, தாளில் உங்கள் பெயருள்ள வரிசை சிவப்பில் இருக்கும். இந்தச் சதவீதத்துக்குப் பெயர் 'கன்வர்ஷன்'. ஐந்து நாள் காய்ச்சலோடு வந்தவரை மாத்திரையும் மறுநாள் ரத்தப் பரிசோதனையும் சொல்லி வீட்டுக்கு அனுப்புவது சரியான வைத்தியமாக இருக்கும். அந்தக் கணக்கில் மட்டும் அது தோல்வி.

துறைக்குள் இருப்பவர்கள் அவரவர் இடத்தில் நடப்பதை விவரமாக எழுதுங்கள். எந்த மருத்துவமனைப் பெயரும் வேண்டாம்.

கணக்கு_வழக்கு:

மருத்துவமனை நிதிப் பிரிவிலிருந்து பேசுகிறேன், அதனால் மறுபக்கத்தையும் வைக்கிறேன் டாக்டர்.

ஆள் சம்பளம், டாக்டர் பங்கு, மருந்தும் கன்ஸ்யூமபிளும் (ஊசி, கையுறை மாதிரி பயன்படுத்தித் தீரும் பொருள்கள்) ஆகிய இந்த மூன்றுமே செலவில் பாதியைத் தாண்டிவிடும். மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு என்பதால் நாங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அதுவும் செலவிலேயே ஒட்டிக்கொள்ளும். இன்சூரன்ஸ், அரசுத் திட்டப் பணம் வர நாளாகும், ஆனால் சம்பளத் தேதி தள்ளாது. பேக்கேஜ் நோயாளிக்கு, இந்த அறுவைக்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே எழுதியாயிற்று. உள்ளே எவ்வளவு செலவானாலும் வெளியிலிருந்து வருவது அதே தொகை. அப்போது எங்கள் கையில் இருப்பது ஒரு கேஸுக்கு ஆகும் செலவு மட்டும்தான்.

ஏன் சீக்கிரம் டிஸ்சார்ஜ் செய்யச் சொல்கிறார்கள் என்றால், அறுவை, ஸ்கேன், ஐசியூ எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். நான்காம் நாளிலிருந்து அறை வாடகையும் ஊசியும்தான். அந்தப் படுக்கையைக் காலி செய்து புதிய கேஸ் போட்டால் மறுபடி முதல் நாள் வருமானம். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: சீக்கிரம் வீட்டுக்குப் போவது பல நேரம் நோயாளிக்கும் நல்லது, ஆஸ்பத்திரித் தொற்று வாங்காமல் போகலாம். அறுவைக் காயத்திலிருந்து நீர் வடிய வைத்த குழாய் (டிரெயின்) இன்னும் இருக்கும்போதே அனுப்புவதுதான் தப்பு.

விலையை ஒரு இடத்தில் அழுத்தினால் இன்னொரு இடத்தில் எழும்பும் என்பதையும் பார்த்தோம். 2017 பிப்ரவரியில், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வந்தது: மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய், வெறும் உலோக ஸ்டென்ட் 7,260 ரூபாய். தேவையான நடவடிக்கைதான். ஆனால் ஸ்டென்டில் போன லாபத்தைப் பல இடங்களில் புரொசீஜர் கட்டணத்திலும் கன்ஸ்யூமபிளிலும் தேடினார்கள். 2018-ல் தேசிய மருந்து விலை ஆணையம் டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தபோது சில பொருள்களில் லாப விகிதம் 1,700 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பெரிய விலையுள்ள கருவியில் அல்ல, சிரிஞ்ச், கானுலா (மருந்து ஏற்ற நரம்பில் வைக்கும் சின்னக் குழாய்) மாதிரி சில்லறைப் பொருள்களிலும் விலைக் கட்டுப்பாடு இல்லாத மருந்துகளிலும்.

வார்டு_இன்சார்ஜ்:

கணக்கு சார், உங்கள் கணக்கையே வைத்து வார்டுக்குள் வருகிறேன்.

30 படுக்கை வார்டு. மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஹெச் சொல்லும் அளவு பொது வார்டில் 6 பேருக்கு ஒரு நர்ஸ். அப்படியானால் ஒரு ஷிப்டுக்கு 5 பேர், மூன்று ஷிப்டுக்கு 15 பேர். வாரவிடுப்பு, உடம்பு சரியில்லாதது, பேறுகால விடுப்புக்கு 30 சதவீதம் கூட்டினால் 19 அல்லது 20 பேர் பட்டியலில் இருக்க வேண்டும். வெட்டுவது இந்த 30 சதவீதத்தைத்தான். ஆய்வுக்கு வருபவரிடம் 15 பெயர் காட்டலாம், தப்பில்லை போலத் தெரியும். நிஜத்தில் அந்த 15-ல் இன்சார்ஜ் உண்டு, இன்னும் பதிவெண் வராத டிரெய்னி உண்டு, நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துப் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பும் சிஸ்டர் உண்டு. இரவில் எஞ்சுவது இரண்டு பேர்.

இப்போது இரவு 9 மணி மருந்தைப் பாருங்கள். ஒருவருக்கு 15 நோயாளி. கைப்பட்டையில் பெயர் பார்த்து, சார்ட்டோடு ஒப்பிட்டு, ஆன்டிபயாடிக் பொடியைக் கரைத்து, கானுலாவை ஃபிளஷ் செய்து, மெதுவாகப் போட்டு, கையெழுத்திட ஆளுக்கு 6 நிமிடம். மொத்தம் ஒன்றரை மணி நேரம். நடுவே ஒரு அட்மிஷன், ஒரு வாந்தி, ஒரு பெல். 9 மணி மருந்து கடைசி ஆளுக்கு 11 மணிக்குப் போகும். அடுத்த வேளை மருந்து காலை 6 மணிக்கு வரும்போது இடைவெளி குளறுபடியாகிவிடும்.

ஆள் குறைந்தால் எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று நிர்வாகம் நினைக்கிறது. அப்படி நடப்பதில்லை. கேட்க ஆள் இருக்கும் வேலை முதலில் நடக்கும். மருந்து கொடுக்காவிட்டால் கேள்வி வரும், பில் போடாவிட்டால் கேள்வி வரும். கேட்க ஆளில்லாத வேலைதான் விழும்: இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, கானுலா போட்ட இடம் சிவந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது, சிறுநீர் அளவு, மூச்சு எண்ணிக்கை. மூச்சு எண்ணிக்கைதான் முதலில் பொய்யாகும். 30 நொடி நின்று எண்ண வேண்டிய ஒன்றை 20 என்று எழுதிவிட்டுப் போவார்கள். எந்த வார்டு சார்ட்டை எடுத்தாலும் வரிசையாக எல்லோருக்கும் 20 இருந்தால் அங்கே ஆள் பற்றாக்குறை என்று அர்த்தம். நிலைமை மோசமாகும் நோயாளியிடம் பல மணி நேரம் முன்பே மாறத் தொடங்குவது அந்த எண்தான்.

பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ஹெபாரின் போன்ற ஊசிகளை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. இரண்டே பேர் இருக்கும் இரவில் இரண்டாவது கையெழுத்து பிறகு போடப்படும்.

2002-ல் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளில் லிண்டா எய்கன் குழு செய்த ஆய்வு எல்லா நர்சிங் மாணவிக்கும் தெரியும். ஒரு நர்ஸுக்குக் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு அறுவை நோயாளிக்கும், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. சம்பளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த குழு 2016-லேயே பரிந்துரைத்தது: 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பு என்று விட்டதால் பல ஊர்களில் அந்தத் தொகை இன்றைக்கும் கைக்கு வருவதில்லை. இரண்டு வருடம் பழகிய பிள்ளைகள் வளைகுடாவுக்கும் ஜெர்மனிக்கும் போய்விடுகிறார்கள். அந்த இடத்துக்கு வருபவர் புதியவர்.

சேலத்து_வாசகன்:

நோயாளியின் வீட்டாராகக் கேட்கிறேன். சிஸ்டர் சொன்னதெல்லாம் நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? "இன்றிரவு எத்தனை பேர் டியூட்டி" என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

டயாலிசிஸ்_டெக்:

அந்தக் கேள்விக்கு சிஸ்டரே பதில் சொல்லட்டும். டயாலிசிஸ் யூனிட் தனி உலகம், அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஒவ்வொரு ரூபாயையும் எண்ணும் இடம் இது. ஒரே நோயாளி வாரம் மூன்று முறை, வருடக்கணக்கில் வருகிறார், பேக்கேஜ் தொகை மிகக் குறைவு.

டயலைசர், அதாவது ரத்தத்தைச் சுத்தம் செய்யும் நார்க்குழாய் வடிகட்டி, அதன் மறுபயன்பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒழுங்காகச் செய்தால் ஏற்கத்தக்க முறைதான். ஒழுங்கு என்றால் என்ன? புது டயலைசரின் உள்நார்க் கொள்ளளவை முதலில் அளந்து எழுத வேண்டும். 110 மிலி என்று வையுங்கள். ஒவ்வொரு முறை கழுவிய பின்னும் அளக்க வேண்டும், 80 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 88 மிலிக்குக் கீழே இறங்கினால் எறிந்துவிட வேண்டும். அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்க வேண்டும். கிருமிநாசினி மருந்தான பெராசெட்டிக் அமிலம் நிரப்பி 11 மணி நேரமாவது வைக்க வேண்டும். மேலே நோயாளி பெயர், எண், எத்தனையாவது முறை, அளவு, தேதி. அடுத்த முறை மாட்டும் முன் மருந்து உள்ளே இருக்கிறதா என்று ஒரு பட்டை, சலைனில் கழுவிய பின் மருந்து மிச்சமில்லை என்று இன்னொரு பட்டை. ஹெபடைட்டிஸ் பி உள்ளவரின் டயலைசரை மறுபடி பயன்படுத்தவே கூடாது, அவருக்கு மெஷினும் தனி.

இதில் எங்கே வெட்டுகிறார்கள்? முதல் வெட்டு அளப்பதில். கொள்ளளவு பார்க்காமல் "எட்டு முறை ஆகட்டும்" என்று எண்ணிக்கையில் ஓட்டுவது. எட்டு என்பது யாருக்கும் பொருந்தாத எண். ஒருவருக்கு நான்காம் முறையிலேயே நார்கள் அடைத்துவிடும், இன்னொருவருக்குப் பத்து தாண்டும். அடைத்த டயலைசரில் நான்கு மணி நேரம் ஓடினாலும் ரத்தம் சரியாகச் சுத்தமாகாது. யூரியா 65 சதவீதமாவது குறைய வேண்டும், 50-ல் நிற்கும். நோயாளி வீட்டில் பசியில்லை, அரிப்பு, தூக்கமில்லை என்பார். சாப்பாட்டைக் குறை சொல்லி அனுப்புவார்கள்.

இரண்டாவது வெட்டு ஆளில். முடிந்த டயலைசரை இரண்டு மணி நேரத்துக்குள் கழுவத் தொடங்க வேண்டும், முடியாவிட்டால் குளிர்பதனத்தில் வைக்க வேண்டும். ஒருவர் ஆறு மெஷின் பார்த்தால் ரத்தத்தோடு தொட்டியில் கிடக்கும். உறைந்த ரத்தம் பிறகு போகாது.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: டிரான்ஸ்டியூசர் புரொடெக்டர். ரத்தக்குழாய்க்கும் மெஷினின் அழுத்தமானிக்கும் நடுவில் இருக்கும் சின்ன வடிகட்டி வட்டு, சில ரூபாய்தான். ஒவ்வொரு அமர்வுக்கும் புதிது, நடுவில் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். நனைந்ததை அப்படியே விட்டால் ரத்தம் மெஷினுக்குள் போகும். வெளியே துடைத்துவிடலாம், உள்ளே போனது தெரியாது. அடுத்து அந்த மெஷினில் படுப்பவருக்கு ஹெபடைட்டிஸ் சி வரும் வழிகளில் இதுவும் ஒன்று. ஆறு மாதம் கழித்து வைரஸ் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வரும்போது எந்த நாள், எந்த மெஷின் என்று யாராலும் சொல்ல முடியாது.

தண்ணீரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இந்தப் பதிவே நீண்டுவிட்டது.

கணக்கு_வழக்கு:

> ஒழுங்காகச் செய்தால் ஏற்கத்தக்க முறைதான்

இதை அழுத்திச் சொன்னதற்கு நன்றி. மறுபயன்பாட்டையே ஒழித்தால் கைக்காசு போட்டு வருபவர் வாரம் மூன்றை இரண்டாக்கிவிடுவார், அது இதைவிட ஆபத்து. ஆனால் பரிசோதனைப் பட்டையையும் அந்த வட்டையும் 'கன்ஸ்யூமபிள் சிக்கனம்' என்ற ஒரே தலைப்பில் போட்டு எல்லாத் துறைக்கும் 10 சதவீதம் குறை என்று சொல்வது எங்கள் பக்கத்துத் தவறு. எதைக் குறைத்தார்கள் என்று நிதிப் பிரிவு கேட்பதில்லை, குறைந்ததா என்று மட்டும் பார்க்கிறது.

கோவை_பயோமெட்:

அந்த '10 சதவீதம்' கருவிப் பக்கம் வந்தால் முதலில் போவது பராமரிப்பு ஒப்பந்தம். சிஎம்சி என்றால் உதிரிபாகமும் சேர்த்தி. ஏஎம்சி என்றால் ஆள் வருவார், பாகத்துக்குத் தனிக் காசு. சிஎம்சியை ஏஎம்சியாக மாற்றினால் இந்த வருடம் மிச்சம். பாகம் தேவைப்படும்போது கொள்முதல் ஒப்புதலுக்கு மூன்று கையெழுத்து.

வென்டிலேட்டரின் ஆக்சிஜன் செல் ஏறக்குறைய ஒரு வருடம் உழைக்கும். தீர்ந்தால் அலாரம் அடிக்கும். புது செல் வரத் தாமதமானால் அந்த அளவீட்டையே மெனுவில் அணைத்துவிட்டு ஓட்டுவார்கள். நோயாளிக்கு 40 சதவீதம் ஆக்சிஜன் போகிறது என்று திரையில் இருக்கும், அது வைத்த எண், அளந்த எண் அல்ல.

உடலுக்குள் விட்டுப் பார்க்கும் குழாயான எண்டோஸ்கோப் இன்னொன்று. ஒரு ஸ்கோப்பை 0.55 சதவீத ஓபிஏ என்ற கிருமிநாசினிக் கரைசலில் 12 நிமிடம் முக்க வேண்டும். அதற்கு முன் குழாய்களைப் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும், பிறகு அலசி உலர்த்த வேண்டும். முறையாகச் செய்தால் ஒரு ஸ்கோப் மறுபடி தயாராக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலைப் பட்டியலில் 14 கேஸ், ஸ்கோப் இரண்டு. கணக்கே இடிக்கிறது. மூன்றாவது ஸ்கோப் வாங்கக் காசில்லை என்றால் கேஸைக் குறைக்க வேண்டும். இரண்டும் செய்யாதபோது முக்கும் நேரம்தான் குறையும். கரைசல் 14 நாள் வரை வைக்கலாம் என்பதால் 14 நாளும் வைப்பார்கள். ஆனால் தினமும் பட்டை வைத்துச் செறிவு பார்த்துத் தோற்றால் அன்றே கொட்ட வேண்டும், ஏழாம் நாளாக இருந்தாலும்.

சரக்கை மிகக் குறைவாக வைப்பதும் பில் பாக்கி வைப்பதும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் ஸ்டூவர்ட் மருத்துவமனைக் குழுமம் உதாரணமாக இருக்கிறது. 2010-ல் ஒரு தனியார் முதலீட்டு நிறுவனம் பாஸ்டன் பகுதி மருத்துவமனைகளை வாங்கியது. 2016-ல் கட்டடமும் நிலமும் 125 கோடி டாலருக்கு ஒரு சொத்து நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, சொந்த இடத்துக்கே வாடகை கட்டும் நிலை வந்தது. சப்ளையர்களுக்குப் பாக்கி ஏறியது. ரத்தக்கசிவை அடைக்கப் பயன்படும் எம்போலிசேஷன் காயில்களை ஒரு மருத்துவமனையிலிருந்து தயாரிப்பாளர் பாக்கிக்காக எடுத்துப் போய்விட்டார். சில வாரம் கழித்து, 2023 அக்டோபரில், அங்கே பிரசவித்த ஒரு பெண்ணுக்குக் கல்லீரலில் ரத்தக்கசிவு. காயில் இல்லை. வேறு மருத்துவமனைக்கு மாற்றியும் அவர் பிழைக்கவில்லை. 2024 மே மாதம் குழுமம் திவாலானது.

வைகைக்கரை:

எல்லோரும் வெட்டினால் கெடும் என்றே எழுதுகிறீர்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை மறந்துவிட்டீர்களே! 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. ஒரு கண்புரை அறுவைக்கு ஆகும் செலவை அவர்கள் குறைத்த அளவு வேறு யாரும் குறைத்ததில்லை, தரமும் விழவில்லை.

எதைக் குறைத்தார்கள் என்று பாருங்கள். ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவரைத் தயார் செய்து படுக்க வைத்திருப்பார்கள். சர்ஜன் மைக்ரோஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அடுத்ததைத் தொடங்கலாம். டாக்டர் சும்மா நிற்கும் நேரம்தான் வெட்டப்பட்டது. பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, நோயாளிக்கு விளக்குவதெல்லாம் அங்கேயே பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள். ஆள் குறையவில்லை, டாக்டரைச் சுற்றி ஆள் கூடியது. லென்ஸ் இறக்குமதி விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992-ல் அரோலாப் தொடங்கித் தாங்களே செய்தார்கள்.

அரசுப் பக்கம் 1994-ல் வந்த தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகமும் அப்படித்தான். மாநிலம் முழுவதுக்கும் ஒரே டெண்டர், பிராண்டு இல்லாத மருந்துப் பெயர், மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக். வந்த சரக்கின் மாதிரியைத் தயாரிப்பாளர் பெயரை மறைத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறினால்தான் விநியோகம். விலை இறங்கியது, பரிசோதனை இறங்கவில்லை.

பொருநை_எம்டி:

அரவிந்த் சரியான உதாரணம், ஆனால் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும் அண்ணே. கண்புரை திட்டமிட்ட அறுவை, நாளுக்கு நூறு முறை ஒரே படிகள், நோயாளி நடந்து வந்து நடந்து போவார். இதயச் செயலிழப்பும் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வரும் 70 வயதுக்காரரை அப்படி வரிசையில் வைக்க முடியாது. அங்கே போய் "அரவிந்தைப் பாருங்கள், நேரத்தைக் குறையுங்கள்" என்று ஓபியில் ஆளுக்கு 5 நிமிடம் என்று நிர்ணயிக்கும் எம்பிஏ நிர்வாகிகள் உண்டு. அரவிந்தில் டாக்டரிடமிருந்து எடுத்த வேலை பயிற்சி பெற்ற இன்னொருவருக்குப் போனது. இங்கே எடுத்த வேலை யாருக்கும் போவதில்லை. ஐந்து நிமிடத்தில் பழைய மாத்திரைச் சீட்டைப் படிக்க நேரமிருக்காது, அதனால் ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயரில் ஓடும். தொட்டுப் பார்க்க நேரமில்லாததால் ஸ்கேன் எழுதுவோம். செலவும் கூடுகிறது.

இரவு_டியூட்டி:

டியூட்டி டாக்டர் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். பல நடுத்தர மருத்துவமனைகளில் இரவு முழுக்க கன்சல்டன்ட் வீட்டில், போனில். உள்ளே ஒரே டியூட்டி டாக்டர், 10 படுக்கை ஐசியூவும் இரண்டு வார்டும் அவசர சிகிச்சையும் சேர்த்து. 24 மணி நேர ஷிப்ட். மத்திய அரசின் 1992 ரெசிடென்சி விதி தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வாரம் 48 மணி நேரம் என்கிறது. அது அரசுப் பயிற்சி மருத்துவர்களுக்கே நடப்பதில்லை, தனியாரில் கேட்கவும் முடியாது. சில இடங்களில் சம்பளம் மிச்சம் என்று நவீன மருத்துவம் படிக்காதவர்களை ஐசியூ இரவுக்கு நிறுத்துகிறார்கள். அவர்கள் மீது குறையில்லை, பயிற்சி இல்லாத வேலையில் நிறுத்தியவர் மீதுதான் குறை.

தொற்று உடல் முழுவதையும் தாக்கும் செப்சிஸில் ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். கீழே அவசர சிகிச்சையில் விபத்து கேஸ் தைத்துக்கொண்டிருக்கும்போது மேலே வார்டில் பிரஷர் 90-க்கு இறங்கினால், போன் வரும், "சலைன் வேகமாக விடுங்கள், வருகிறேன்" என்று சொல்ல நேரும். வர ஒன்றரை மணி நேரம் ஆகும். மறுநாள் சார்ட்டில் "டாக்டர் பார்த்தார், 2.10" என்றுதான் இருக்கும். பிரஷர் இறங்கிய நேரம் 12.40 என்பதை யாரும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

வார்டு_இன்சார்ஜ்:

@சேலத்து_வாசகன், கேளுங்கள் தம்பி, தயங்க வேண்டாம். "சிஸ்டர், இன்றிரவு எங்கள் அப்பாவைப் பார்ப்பது யார், உங்களுக்கு மொத்தம் எத்தனை பேர்?" என்று மரியாதையாகக் கேட்டால் எந்த நர்ஸும் கோபிக்க மாட்டார். பத்துக்கு மேல் என்றால் வீட்டில் ஒருவர் கூடவே இருங்கள். படுத்தபடுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட நீங்களே உதவுங்கள், எப்படி என்று காட்டச் சொல்லுங்கள். மருந்து போடும்போது பெயரைச் சொல்லி "இது என்ன ஊசி" என்று கேளுங்கள். கானுலா இடம் வலித்தாலோ வீங்கினாலோ உடனே சொல்லுங்கள். இரவில் ஆள் குழப்பமாகப் பேசினால், மூச்சு வேகமானால் "காலையில் டாக்டர் வருவார்" என்ற பதிலோடு நிற்காதீர்கள், டியூட்டி டாக்டரை இப்போதே வரச் சொல்லுங்கள்.

சிகிச்சைப் பதிவேட்டின் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ன் மருத்துவர் நடத்தை விதியிலேயே இருக்கிறது. எழுதிக் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். தனியார் மருத்துவமனைப் பதிவும் புகாரும் மாவட்ட மருத்துவ இணை இயக்குநர் அலுவலகத்தில்.

கணக்கு_வழக்கு:

வீட்டாருக்கு என் பக்கத்திலிருந்து இரண்டு. அட்மிஷன் மேஜையில் "டீலக்ஸ் ரூம்தான் காலி" என்பார்கள். பாலிசியில் அறை வாடகை வரம்பு 5,000 என்றிருந்து 10,000 ரூபாய் அறை எடுத்தால், வாடகை வித்தியாசம் மட்டும் உங்கள் தலையில் விழாது. டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் போன்றவையும் பாதியாக வெட்டப்படும். அவை ஒரு லட்சம் என்றால் 50,000 நீங்கள் கட்ட வேண்டும். மருந்து, கன்ஸ்யூமபிள், இம்பிளான்ட், பரிசோதனைக்கு இந்த வெட்டு கிடையாது. பாலிசியில் இந்த விதி இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று மாலை வரை உட்கார வைத்தால்: இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ஐஆர்டிஏஐ) 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி மருத்துவமனை கோரிக்கை அனுப்பிய 3 மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் இறுதி ஒப்புதல் தர வேண்டும், அதற்கு மேல் தாமதித்தால் மருத்துவமனை கேட்கும் கூடுதல் தொகை நிறுவனத்தின் பொறுப்பு. தாமதம் எங்கள் பில்லிங்கிலா அவர்களிடமா என்று தெரிய, கோரிக்கை எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது என்று கேளுங்கள்.

டாக்டர் தொடக்கத்தில் சொன்ன காலைக் கூட்டத்துக்கு வருகிறேன். அந்தத் தாளை எடுத்துவிட முடியாது, ஆனால் அதே தாளில் இன்னும் நான்கு வரி சேர்க்கலாம்: 30 நாளுக்குள் திரும்ப அட்மிட் ஆனவர்கள், திட்டமிடாமல் மறுபடி தியேட்டருக்குப் போனவர்கள், ஆயிரம் படுக்கை நாளுக்கு எத்தனை படுக்கைப்புண், பெரிய ரத்தக்குழாயில் குழாய் (லைன்) போட்டிருக்கும் ஆயிரம் நாளுக்கு எத்தனை ரத்தத் தொற்று. நிதிக்காரர்களுக்குப் புரியும் மொழியும் இதுதான், பேக்கேஜ் நோயாளிக்குத் தொற்று வந்தால் கூடுதல் ஐசியூ நாள்களின் செலவு முழுவதும் மருத்துவமனைக்கே. 2023-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு, அமெரிக்காவில் தனியார் முதலீட்டு நிறுவனங்கள் வாங்கிய 51 மருத்துவமனைகளை மற்றவற்றோடு ஒப்பிட்டது. மருத்துவமனைக்குள் ஏற்படும் பாதிப்புகள் 25 சதவீதம் கூடியிருந்தன, லைன் தொற்றும் கீழே விழுதலும் அதில் முக்கியம். சிஸ்டர் சொன்ன 'கேட்க ஆளில்லாத வேலைகள்' அப்படியே.

பொருநை_எம்டி:

இளம் டாக்டர்களுக்கு ஒன்று. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எம்ஜி முடிந்த பிறகு கணக்கு எப்படி, அட்மிஷன் எண்ணிக்கை எந்த வடிவிலாவது எழுதப்பட்டிருக்கிறதா, நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று பாருங்கள். "வேலை விட்டபின் இரண்டு வருடம் 10 கிலோமீட்டருக்குள் பிராக்டிஸ் கூடாது" என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம், வேலையை விட்ட பிறகான அப்படிப்பட்ட தடை இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவின்படி செல்லாது. பொருள் பற்றாக்குறையையும் ஆள் பற்றாக்குறையையும் வாயால் சொல்லாதீர்கள். தொற்றுத் தடுப்புக் குழுக் கூட்டத்தில் சொல்லி நிமிடக் குறிப்பில் ஏற்றுங்கள், அல்லது மின்னஞ்சல். "பட்டை தீர்ந்தது, 3-ம் தேதி முதல் இல்லை" என்ற ஒரு வரி போதும். வழக்கு என்று வரும்போது பெயர் வருவது டாக்டருக்குத்தான், கொள்முதலைத் தள்ளிப்போட்டவருக்கு அல்ல.

டயாலிசிஸ்_டெக்:

விட்ட தண்ணீர்க் கதையை முடித்துவிடுகிறேன், கோடை வருவதால் அவசரம்.

ஒரு அமர்வில் நோயாளியின் ரத்தம் 120 லிட்டர் தண்ணீரைச் சவ்வுக்கு அப்பால் சந்திக்கிறது. கோடையில் டேங்கர் லாரித் தண்ணீர் வரும், ஒவ்வொரு லாரியும் ஒரு மாதிரி, குளோரின் கூடிக் குறையும். ஆர்ஓ சவ்வு குளோராமினை (குளோரினும் அமோனியாவும் சேர்ந்த பொருள்) தடுக்காது, அதைப் பிடிப்பது கார்பன் தொட்டி. இரண்டு தொட்டி வரிசையாக இருக்க வேண்டும். முதல் தொட்டிக்குப் பின் மாதிரி எடுத்து ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும் முன்னும் மொத்த குளோரின் பார்க்க வேண்டும், லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே. முதல் தொட்டியில் தாண்டினால் இரண்டாவது தாங்கும், கார்பன் மாற்ற உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். செலவு மிச்சம் என்று ஒரே தொட்டி வைத்த யூனிட்டில் அந்த அவகாசம் கிடையாது. மாதம் ஒருமுறை கிருமிப் பரிசோதனை, மிலிக்கு 100-க்குக் கீழே.

1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில் லாரியில் வந்த, சரியாகச் சுத்திகரிக்காத ஏரித் தண்ணீரில் பாசி நச்சு இருந்தது. 50-க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகள் கல்லீரல் கெட்டு இறந்தார்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு நெஞ்சு வலி, முதுகு வலி, மூச்சுத் திணறல் வந்து, திரும்பும் குழாயில் ரத்தம் ஒயின் நிறத்தில் ஊடுருவித் தெரிந்தால் ரத்த அணு உடைகிறது என்று அர்த்தம். பம்பை நிறுத்துங்கள், கிளாம்ப் போடுங்கள், குழாயில் இருக்கும் ரத்தத்தைத் திருப்பி விடாதீர்கள், பொட்டாசியம் உடனே பாருங்கள், இசிஜி மாட்டுங்கள். யூனிட் முழுவதையும் நிறுத்திவிட்டுத் தண்ணீர் மாதிரியைத் தனிப் புட்டியில் எடுத்து வையுங்கள். குளோரின் பட்டை ஸ்டாக் ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கும் சேர்த்து இப்போதே இன்டென்ட் (கொள்முதல் கோரிக்கை) போடுங்கள், ஷிப்டுக்கு ஒன்று, வீணாவதற்குக் கொஞ்சம் கூடுதலாக.